ஸ்க்ரூ யார் கையில்? முதுகெலும்பு ஃபெல்லோஷிப் பற்றி ஒரு வாசகருக்கு

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டருக்கு, எலும்பு அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கை, கால் எலும்பு முறிவுகளைத் தனியாகச் செய்கிறேன். முதுகெலும்பில் என் அனுபவம் குறைவு. டிஸ்க் அறுவைக்கு உதவியிருக்கிறேன். மூத்தவர் பக்கத்தில் நிற்க, பத்துப் பன்னிரண்டு பெடிக்கிள் ஸ்க்ரூ (முள்ளெலும்பின் பின்புறத் தண்டு வழியே இறக்கும் திருகு) போட்டிருக்கிறேன். இப்போது இரண்டு இடங்களில் ஃபெல்லோஷிப் (மேற்பயிற்சி) வாய்ப்பு வந்திருக்கிறது. முதலாவது பெயர்பெற்ற பெரிய மையம். ஸ்கோலியோசிஸ் (பக்கவாட்டுக் கோணல்), கூன் திருத்தம்தான் அங்கே பிரதானம். 12 மாதம், ஆறு ஃபெல்லோக்கள். இன்னொன்று அவ்வளவாகப் பெயர் தெரியாத மையம். டிஸ்க், ஸ்டெனோசிஸ் (தண்டுவடக் கால்வாய் குறுகல்), முறிவு, தொற்று என அன்றாட நோய்களே அதிகம். அங்கேயும் 12 மாதம்தான், ஃபெல்லோக்கள் இருவர். இந்த இரண்டாவது இடத்தில் எண்டோஸ்கோப்பி குறைவு, ரோபோ இல்லை. அங்கே சேர்ந்தால் பின்தங்கிவிடுவேனா? தனியாக நிற்க அந்த ஓராண்டில் எதையெல்லாம் கற்றிருக்க வேண்டும்?

பதில்: இரண்டாவது இடத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு மையங்களிடமும் சில விஷயங்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பதில் வேறாக இருந்தால் என் யோசனையும் மாறும்.

முதலில் கணக்கு. ஒரு மையத்தில் ஆண்டுக்கு 900 அறுவை, ஃபெல்லோ ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 150 வருகிறது. 250 அறுவை நடக்கும் இடத்தில் இரண்டு பேர் என்றால் தலைக்கு 125. விளம்பரத் தாளில் மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்த வித்தியாசம் வகுத்துப் பார்த்ததும் சுருங்கிவிடுகிறது. அதோடு நிற்பதில்லை. பெரிய கோணல் திருத்த அறுவையில் இரண்டு மூத்த அறுவை மருத்துவர்கள் இரு பக்கமும் நிற்பார்கள். ஃபெல்லோ மூன்றாவது ஆள். எட்டு மணி நேரம் நின்றாலும் அவர் கைக்கு வருவது தசை விலக்கலும் தையலும், மிஞ்சினால் கீழ்முதுகில் இரண்டு ஸ்க்ரூவும்தான். கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு (எல்4–எல்5) இடையே நரம்பு நெரிபடுவதை விடுவிக்கும் ஒரு டிகம்ப்ரஷனில் ஆசிரியர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு "நீங்களே செய்யுங்கள்" என்று சொல்ல இடமுண்டு. கோணல் திருத்தத்தில் அப்படிச் சொல்ல அவருக்கே மனம் வராது; வரவும் கூடாது.

எனவே மொத்த எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். சென்ற ஆண்டு ஃபெல்லோவின் பதிவேட்டை, நோயாளி விவரம் நீக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். அதில் 'உதவியது', 'ஒரு பகுதி செய்தது', 'மேற்பார்வையில் முழுதும் செய்தது' என்று பிரித்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிப் பிரிக்காத பதிவேட்டை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஃபெல்லோ தவிர முதுநிலை மாணவர்களும் அதே மேசைக்குப் போட்டி போடுகிறார்களா என்றும் விசாரியுங்கள். முன்னாள் ஃபெல்லோ ஒருவரிடம் பேசுங்கள். இப்போது அங்கே இருப்பவர் தலைவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்வார்; வெளியேறி ஓராண்டு ஆனவரைப் பிடியுங்கள். "தனியாக வேலை தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் எதைத் தயங்காமல் செய்தீர்கள், எதை வேறிடத்துக்கு அனுப்பினீர்கள்?" இந்த ஒரு கேள்வி போதும்.

ஃபெல்லோஷிப் என்ற சொல்லே எதையும் உறுதி செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் ஓரமாக நின்று பார்ப்பதற்கும் அதுதான் பெயர், ஓராண்டு இரவுப் பணியோடு கத்தி பிடிப்பதற்கும் அதுதான் பெயர். வேறு நாட்டில் என்றால், அந்த நாட்டு மருத்துவப் பதிவு உங்களுக்குக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். பதிவில்லாமல் நோயாளியைத் தொட விடமாட்டார்கள், பார்வையாளராகத்தான் இருப்பீர்கள். கையால் செய்ய அனுமதி உண்டா, தொழில்முறைக் காப்பீடு யார் பெயரில், அவசரப் பணி எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

சிக்கல்களைப் பேசும் கூட்டம் வாரந்தோறும் நடக்கிறதா? அறுவைக்குப் பின் சி.டி. எடுத்தவர்களின் ஸ்க்ரூக்களை எல்லாரும் சேர்ந்து பார்க்கிறார்களா? என் தேர்வில் அதிக எடை இதற்குத்தான். தான் போட்ட ஸ்க்ரூ எங்கே போய் நின்றது என்று தெரியாமல் நூறு ஸ்க்ரூ போட்டவர், ஒரே தவறை நூறு முறை பழகியவராகவும் இருக்கலாம். கெர்ட்ஸ்பைன்–ராபின்ஸ் 1990-இல் கொடுத்த தரப்பிரிவு எளியது. எலும்புக்குள்ளேயே இருந்தால் ஏ, சுவரைத் தாண்டியது 2 மி.மீ.-க்குள் என்றால் பி, 4-க்குள் சி, 6-க்குள் டி, அதற்கு மேல் ஈ. முதல் நாளிலிருந்தே உங்கள் ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் இந்த எழுத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஏ, பி வரை பொதுவாக ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் உட்சுவர் பக்கமா வெளிச்சுவர் பக்கமா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் உங்கள் கையின் பழக்கம் தெரியவரும்.

பெரும்பாலான புதியவர்களின் கை வெளிப்பக்கம்தான் போகும். காரணம் பயம் மட்டுமல்ல. கீழ்முதுகு பெடிக்கிளில் ஸ்க்ரூ நடுக்கோட்டை நோக்கிச் சாய வேண்டும். எல்1-இல் அந்தச் சாய்வு 5 முதல் 10 டிகிரி. கீழே போகப் போகக் கூடி எல்5-இல் 25-ஐத் தொடும். முனை உள்நோக்கிப் போக, கைப்பிடி வெளிநோக்கிச் சாய வேண்டும். அங்கேதான் தடித்த முதுகுத் தசையும் தோலும் நின்று கைப்பிடியை நடுக்கோட்டுக்குத் தள்ளுகின்றன. முனை நேராக இறங்கி வெளிச்சுவரை உடைக்கிறது. பருத்த உடல்காரர்களில், எல்5-இலும் அதற்கு அடியிலுள்ள எஸ்1-இலும் இது சாதாரணமாக நடக்கும். தோளால் அழுத்தி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். காயத்தை ஒரு கண்ணி (முள்ளெலும்பு) மேலும் கீழும் நீட்டுங்கள். அது போதாவிட்டால் பக்கவாட்டில் தோலிலும் ஃபேஷியாவிலும் (தசையுறை) சிறு துளை போட்டு அதன் வழியே கருவியை விடுங்கள்.

போடும் முறையை ஒருமுறை வரிசையாகச் சொல்கிறேன். ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது எந்த இடத்தில் கேள்வி கேட்கலாம் என்று புரியும். முந்தைய நாள் மாலையே சி.டி.-யில் ஒவ்வொரு பெடிக்கிளின் அகலம், நீளம், சாய்வை அளந்து தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நுழைவிடம், கீழ்முதுகில், டிரான்ஸ்வெர்ஸ் புராசஸின் (கண்ணியின் பக்கவாட்டு முனை) நடுக்கோடும் மேல் ஃபேசட்டின் (கண்ணியின் மூட்டு முகம்) வெளி விளிம்பும் சந்திக்கும் இடம். அங்கே மேல்தோடு எலும்பைச் சுமார் 3 மி.மீ. கொறித்து எடுத்ததும் பஞ்சு எலும்பின் ரத்தம் புள்ளியாகக் கசியும். அந்தச் சிவப்பு தெரியாமல் பிரோபை (வழி துளைக்கும் கருவி) இறக்காதீர்கள். கடின எலும்பின் மேல் முனை வழுக்கும். மேல்முதுகில் வளைந்த பிரோப் என்றால் முதல் 20 மி.மீ. வரை வளைவு வெளிப்பக்கம் பார்க்கட்டும், அதுவரை தண்டுவடம் உட்பக்கம் ஒட்டி இருக்கிறது. பெடிக்கிளைக் கடந்ததும் பிரோபை வெளியே எடுத்து, வளைவை உட்பக்கம் திருப்பி, அதே துளையில் மறுபடி இறக்குங்கள். கைக்குச் சீரான நறநறப்பு வர வேண்டும். திடீரென்று தடையற்று வழுக்கி இறங்கினால் சுவர் போய்விட்டது என்று பொருள்.

பிறகு உருண்டை முனைக் கம்பியால் ஐந்து பக்கமும் தடவுங்கள்: அடி, உள், வெளி, மேல், கீழ். அவசரத்தில் எல்லாரும் அடியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு 'சரி' என்கிறார்கள். உடைப்பு பெரும்பாலும் பக்கச் சுவரில், பெடிக்கிள் முடியும் ஆழத்தில்தான் இருக்கும். துளையிலிருந்து தெளிந்த திரவம் வந்தால் உட்சுவரோடு டியூராவும் (தண்டுவட உறை) கிழிந்திருக்கிறது. ஸ்க்ரூவின் குறுக்களவைவிட அரை முதல் 1 மி.மீ. சிறிய டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு, டேப்புக்குப் பிறகு மறுபடி தடவுங்கள். எலும்புப்புரை உள்ளவர்களில் டேப்பையே தவிர்க்கலாம். சி.டி.-யில் எல்1 உடலின் அடர்த்தி 110 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்றே எண்ணித் திட்டமிடுங்கள்.

சி-ஆர்ம் (அறுவை அரங்க எக்ஸ்-ரே) படம் எடுப்பதும் கற்க வேண்டிய வேலைதான். தொழில்நுட்பரின் தலையில் கட்டிவிட முடியாது. ஸ்பைனஸ் புராசஸ் (கண்ணியின் பின்முள்) இரு பெடிக்கிள்களுக்கும் நட்டநடுவிலும், கண்ணியின் மேல்தட்டு ஒற்றைக் கோடாகவும் தெரிந்தால்தான் அது நேர்ப்படம். பக்கப்படத்தில் முனை கண்ணி உடலின் பின்சுவரைத் தாண்டும் முன்பே, நேர்ப்படத்தில் பெடிக்கிள் வட்டத்தின் உள்கோட்டைக் கடந்திருந்தால் நிறுத்துங்கள், கால்வாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மேல்முதுகில் டி4 முதல் டி6 வரை பெடிக்கிள் மிகக் குறுகல். பலருக்கு 4, 5 மி.மீ. தான். அங்கே முதல் ஸ்க்ரூவைப் பழக வேண்டாம். கீழ்முதுகில் ஐம்பது அறுபது ஸ்க்ரூக்கள் சி.டி.-யில் ஏ, பி என்று வந்தபின் மேலே போகலாம் என்பது என் கணக்கு. உங்கள் ஆசிரியர் வேறு எண் சொன்னால் அவர் கணக்கைக் கேளுங்கள்.

தனியாக நிற்க எதைக் கற்க வேண்டும் என்று கேட்டீர்கள். ஸ்க்ரூ அதில் சிறு பங்கு. நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதிலிருந்து தொடங்குங்கள். வயிறு மேசையைத் தொடாமல் தொங்க வேண்டும். வயிறு அழுந்தினால் பெருஞ்சிரை அழுந்தும். ரத்தம் கால்வாய்க்குள், டியூராவுக்கு வெளியே உள்ள வால்வில்லாத எபிடூரல் சிரைகளுக்குத் திரும்பும். பிறகு கால்வாய்க்குள் ரத்தக் குளத்தில் வேலை செய்வீர்கள். தோளும் முழங்கையும் 90 டிகிரிக்கு மேல் விரிய வேண்டாம். இடுப்பு முன்முனையில் பஞ்சு சரியாக வைக்காவிட்டால் தொடையின் வெளிப்பக்கம் வாரக்கணக்கில் மரத்துப்போகும். கண்மேல் எதுவும் அழுத்தவில்லை என்று மயக்க மருத்துவர் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துச் சொல்ல வேண்டும். அழுத்தமே இல்லாமலும் பார்வை போகலாம். நீண்ட நேரம், அதிக ரத்த இழப்பு, இதயத்தைவிடத் தாழ்ந்த தலை மூன்றும் சேர்ந்தால் கண் நரம்புக்கு ரத்தம் குறைகிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் நீளும் என்று தெரிந்தால் இரண்டு கட்டமாகப் பிரிக்கலாமா என்று முன்பே பேசிவிடுங்கள்.

அடுத்தது கண்ணியை எண்ணுவது. தவறான மட்டத்தில் அறுவை செய்வது திறமைக் குறைவால் நடப்பது அரிது. எல்5 எஸ்1-உடன் ஒட்டியவர்கள், ஆறாவது கீழ்முதுகுக் கண்ணி உள்ளவர்கள், பன்னிரண்டாம் விலா எலும்பு குட்டையானவர்கள் ஆகியோரில்தான் எண்ணிக்கை தடுமாறும். எம்.ஆர்.ஐ.-யை எழுதியவர் எங்கிருந்து எண்ணினார், நீங்கள் சி-ஆர்மில் எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பது ஒன்றாக இருக்க வேண்டும். தோலில் ஊசி வைத்து எடுத்த படம் கீறுவதற்கு மட்டும்தான் உதவும். எலும்பு தெரிந்தபின், அசையாத ஓரிடத்தில் உலோகக் கருவி வைத்து மறுபடி படம் எடுத்து, அதைச் சேமித்து, இரண்டு பேர் உரக்க எண்ண வேண்டும். மேல்முதுகு என்றால் முழு முதுகெலும்புப் படம் இல்லாமல் மேசைக்கே போகாதீர்கள்.

நரம்புக் கண்காணிப்பு உள்ள இடத்தில் பயில்வது பெரிய வாய்ப்பு, அந்த ஒன்றில் உங்கள் முதல் மையம் முன்னால் நிற்கலாம். கண்காணிப்பாளர் "கால் சிக்னல் விழுந்துவிட்டது" என்று சொல்லும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். எம்.இ.பி. (மூளையிலிருந்து தசைக்குப் போகும் சிக்னல்) எவ்வளவு விழுந்தால் எச்சரிக்கை என்பது மையத்துக்கு மையம் மாறும்; வீச்சில் 50 முதல் 80 சதவீத வீழ்ச்சி என்று வைத்திருப்பார்கள். எஸ்.எஸ்.இ.பி.-யில் (கை, கால் நரம்பிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வுச் சிக்னல்) வீச்சு பாதியாவதோ, நேரம் 10 சதவீதம் தாமதிப்பதோ எச்சரிக்கை. முதல் வேலை, கையை எடுங்கள். பாட்டை நிறுத்துங்கள், தேவையற்ற பேச்சையும். அடுத்த கேள்வி: கைகளிலும் விழுந்ததா, கால்களில் மட்டுமா? கைகளிலும் விழுந்திருந்தால் மயக்க மருந்து, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், மின்முனை ஆகிய பக்கம் தேடுங்கள். சற்று முன் யாராவது தசைத் தளர்வு மருந்து கொடுத்தார்களா, ஆவி மயக்க மருந்தைக் கூட்டினார்களா என்று கேளுங்கள். கால்களில் மட்டும் என்றால் நம் கை செய்த வேலை என்றே கொள்ளுங்கள்.

மயக்க மருத்துவர் சராசரி ரத்த அழுத்தத்தை 85-க்கு மேல் ஏற்றுகிறார். ஹீமோகுளோபின், கார்பன் டை ஆக்சைடு பார்க்கிறார். நீங்கள் கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறுங்கள். கம்பியைத் திருப்பியிருந்தால் பூட்டைத் தளர்த்துங்கள். இழுவை போட்டிருந்தால் எடுங்கள். ஸ்க்ரூ போட்டிருந்தால் கழற்றிச் சுவரைத் தடவுங்கள். எலும்பை வெட்டி மூடியிருந்தால் லேமினாவின் (கால்வாயின் பின்பக்க எலும்புக் கூரை) விளிம்பு தண்டுவடத்தை நெரிக்கிறதா என்று பாருங்கள். இத்தனைக்கும் பிறகு சிக்னல் வராவிட்டால் ஸ்டாக்னாரா 1973-இல் எழுதிய விழிப்புச் சோதனை இருக்கிறது. மயக்கத்தை இளக்கி, முதலில் கைவிரலை அசைக்கச் சொல்ல வேண்டும். அசைத்தால் நோயாளிக்குக் காது கேட்கிறது, சொன்னது புரிகிறது. பிறகுதான் பாதம். கை அசைந்து பாதம் அசையாவிட்டால் திருத்தத்தை முழுதாக விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. இந்த வரிசையை 2014-இல் வல்லுநர் குழு ஒன்று சரிபார்ப்புப் பட்டியலாகவே வெளியிட்டது. உங்கள் மையத்தில் அது சுவரில் ஒட்டியிருக்கிறதா, அதை ஒத்திகை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். சுவரில் பட்டியல் மட்டும் இருந்து ஒத்திகை இல்லாத இடங்களே அதிகம்.

டியூரா கிழிவது எல்லாருக்கும் வரும். ஒட்டிப்போன லிகமென்டம் ஃபிளேவத்தை (லேமினாக்களை இணைக்கும் தசைநார்) கெரிசனால் (எலும்பு கொறிக்கும் கருவி) இழுத்துக் கிழிப்பதுதான் வழக்கமான வழி. உறிஞ்சுகுழாயை நேராக வைக்காதீர்கள். நரம்பிழை உள்ளே போய்விடும். ஈரப் பஞ்சுத் துண்டு வைத்து, அதன் மேல் உறிஞ்சுங்கள். கிழிசலின் இரு முனையும் தெரியும்வரை எலும்பை அகலப்படுத்துங்கள். வெளிவந்த இழைகளை உள்ளே தள்ளி, 5-0 அல்லது 6-0 நூலால் நீர் கசியாமல் தைத்து, மயக்க மருத்துவரை மூச்சழுத்தத்தைக் கூட்டச் சொல்லிச் சோதியுங்கள். ஃபேஷியாவை நெருக்கமாகத் தையுங்கள். ஒரு மையத்தில் ஃபெல்லோ இதைத் தைக்க விடப்படுகிறாரா? "அந்த நேரத்தில் சார் வந்துவிடுவார்" என்று முன்னாள் ஃபெல்லோ சொன்னால், தனியாக நிற்கும் உங்கள் முதல் கிழிசல் உங்களுக்கு முதல் தையலாக இருக்கும்.

முன்கழுத்து வழி டிஸ்க் அறுவையில் தனியாக ஒரு எச்சரிக்கை. முதல் சில மணி நேரத்தில் கழுத்து வீங்கி மூச்சு திணறினால், படத்துக்கு அனுப்பாமல், மேசைக்குக்கூடக் காத்திராமல், படுக்கையிலேயே தையலைத் திறந்து ரத்தக்கட்டியை வெளியேற்ற வேண்டும். வார்டில் கத்தரிக்கோலும் தையல் பிரிப்பானும் படுக்கைத் தலைமாட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஃபெல்லோவின் வேலை.

இனி புறநோயாளிப் பிரிவு. ஃபெல்லோவை அறுவை அரங்கிலேயே வைத்துக்கொண்டு புறநோயாளிகளைக் காட்டாத மையம் உங்களைப் பாதி மருத்துவராகத்தான் அனுப்பும். கால்நோவோடு வரும் டிஸ்க் நோயாளிகளில் பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் கத்தியின்றித் தேறுகிறார்கள். அந்தக் காத்திருப்பை எப்படிப் பேசிப் புரியவைப்பது என்பதை அங்கேதான் கற்க முடியும். யாருக்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும். சிறுநீர் அடைப்பு, உட்காருமிடம் மரத்துப்போதல் இருந்தால் அது காடா ஈக்வைனா (தண்டுவட முடிவிலுள்ள நரம்புக் கற்றை நெரிபடுவது). அறுவைக்கு 48 மணி நேரம் என்பது வெளி எல்லை, முந்தினால் நல்லது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது என்று வருபவருக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்து அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது. கழுத்தில் தண்டுவடம் நெரிபடுகிறதா என்று பாருங்கள்.

பாதம் தொங்கி வருபவருக்கு எல்5 நரம்பு வேர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பாதத்தை உள்நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தொடையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள். இரண்டும் பலவீனமாக இருந்தால் எல்5. இரண்டும் வலுவாக இருந்தால் கோளாறு முழங்காலுக்குப் பக்கத்தில், பெரோனியல் நரம்பில். அரை நிமிடச் சோதனை, தேவையற்ற ஒரு முதுகு அறுவையைத் தடுக்கும். நடந்தால் கால் வலிக்கும் முதியவரிடம், சைக்கிள் ஓட்டினாலும் வலிக்கிறதா என்று கேட்டு, பாத நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டெனோசிஸ் என்றால் முன்குனிந்து ஓட்டும்போது வலி குறையும். ரத்தக்குழாய் அடைப்பு என்றால் குனிந்தாலும் வலிக்கும்.

முறிவு, புற்று, தொற்று ஆகியவற்றில் அளவைகளை மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொரு நோயாளிக்கும் போட்டுப் பழகுங்கள். மார்பு–கீழ்முதுகு முறிவுக்கு டி.எல்.ஐ.சி.எஸ். மதிப்பெண்: 3 வரை அறுவை வேண்டாம், 5-உம் அதற்கு மேலும் என்றால் வேண்டும், 4 உங்கள் விவாதத்துக்கு. புற்று பரவிய எலும்புக்கு 2010-இல் வந்த சின்ஸ் மதிப்பெண்: 6 வரை உறுதி, 13-உம் அதற்கு மேலும் என்றால் உறுதியின்மை, நடுவில் இருப்பவர்களைக் கதிர்வீச்சு மருத்துவரோடு சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். தொற்று என்றால் நரம்புக் குறையோ ரத்தத் தொற்று அதிர்ச்சியோ இல்லாதவரை திசு எடுத்து அனுப்பிய பிறகே மருந்து தொடங்குங்கள். முன்பே கொடுத்துவிட்டால் கிருமி வளராது, பிறகு மாதக்கணக்கில் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பீர்கள். உங்கள் இரண்டாவது மையம் இந்த வகையில் பணக்கார இடம்.

கோணல் திருத்தத்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அதன் கணிதம் எல்லாருக்கும் வேண்டும். இரண்டே கண்ணிகளை இணைக்கும்போதும் இடுப்பெலும்பின் சாய்வளவை அளக்க வேண்டும். பெல்விக் இன்சிடென்ஸ் என்னும் அந்த அளவுக்கும் கீழ்முதுகு வளைவுக்கும் இடையே 10 டிகிரிக்குள் வித்தியாசம் இருப்பது நல்லது. அந்த வளைவில் மூன்றில் இரண்டு பங்கு எல்4–எஸ்1-இல் இருக்கிறது. அங்கே தட்டையாக இணைத்துவிட்டால் மேல் கண்ணி சில ஆண்டுகளில் தேய்ந்து மறுபடி வருவார். இதை அளக்கப் பெரிய மையம் தேவையில்லை. நின்ற நிலையில் எடுத்த முழுப் பக்கப்படம் போதும். ஆனால் பெடிக்கிளோடு கண்ணியை ஆப்பு வடிவில் வெட்டி ஒரே மட்டத்தில் 30 டிகிரி திருத்துவதை ஓராண்டு ஃபெல்லோஷிப் முடித்த கையோடு தனியாகச் செய்யத் துணிய வேண்டாம். அந்தத் துறையில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டாவது மையத்தில் ஓராண்டு முடித்து, பிறகு ஆறு மாதம் முதல் மையத்துக்குப் போங்கள். தலைகீழாகச் செய்தவர்கள், ஸ்க்ரூ போடத் தெரியாமல் ஆப்பு வெட்டுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எண்டோஸ்கோப்பி, ரோபோ பற்றிய கவலையைச் சற்றே தள்ளி வையுங்கள். குழாய் வழி டிஸ்க் அறுவை 1997-லேயே வந்துவிட்டது. இன்றும் அதன் கற்றல் வளைவு சமன்பட 20, 30 நோயாளி ஆகிறது. அதுவும் திறந்த அறுவையில் லேமினாவின் விளிம்பும் நரம்பு வேரின் தோளும் எங்கே என்று கைக்குத் தெரிந்தவருக்கு. எண்டோஸ்கோப்பியில் முதலில் எல்5–எஸ்1-இல் லேமினாக்களுக்கு இடையேயான வழியைப் பழகுவது எளிது. அங்கே ஜன்னல் அகலம். நீர் அழுத்தத்தைக் கூட்டினால் படம் தெளியும், ஆனால் விழித்திருக்கும் நோயாளி கழுத்து வலிக்கிறது, தலை வலிக்கிறது என்றால் உடனே அழுத்தத்தைக் குறைத்து நிறுத்துங்கள். அடுத்து வலிப்பு வரலாம். ரோபோவிலும் நேவிகேஷனிலும் (கணினித் திரை வழிகாட்டல்) ஆபத்து வேறு. எலும்பில் பொருத்திய குறிச்சட்டத்தை யாராவது முழங்கையால் இடித்துவிட்டால் திரை வழக்கம்போல் அழகாகவே காட்டும், துளை மட்டும் வேறிடத்தில் விழும். ஒவ்வொரு மட்டத்திலும் தெரிந்த எலும்பு முனை ஒன்றைத் தொட்டு, திரை அதே இடத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். சரிந்த ஃபேசட்டின் மேல் துளைப்பான் வழுக்கினாலும் இதே கதை. அப்போது ரோபோவை ஒதுக்கிவிட்டுக் கையால் போடத் தெரிந்தவர்தான் அறுவையை முடிப்பார். எனவே வரிசை அதுதான்; கருவியை வேலைக்குச் சேர்ந்தபின் மூன்று மாதப் பயிற்சியிலும் கற்கலாம்.

கதிர்வீச்சு பற்றி யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பக்கப்படம் எடுக்கும்போது கதிர்க்குழாய் இருக்கும் பக்கம் நிற்காதீர்கள், எதிரே படம் வாங்கும் பக்கம் நில்லுங்கள். சிதறல் குழாய்ப் பக்கமே அதிகம். தைராய்டுக் காப்பும் ஈயக் கண்ணாடியும் வாங்குங்கள். கண் வில்லைக்குச் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் பரிந்துரைத்த எல்லை ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட். கதிர்வீச்சு அளவுமானியை மேசை இழுப்பறையில் தூங்கவிடாமல் மேலங்கியில் குத்துங்கள்.

ஆராய்ச்சியில் ஒரே ஒரு கேள்வியை எடுங்கள், சேர்ந்த இரண்டாம் மாதத்துக்குள். ஐந்து கட்டுரை என்று ஒப்புக்கொள்பவர் மாலைகளைக் கணினியில் கழித்து, மறுநாள் அறுவைக்கான சி.டி.-யை அளக்காமல் வருகிறார்.

இப்போது செய்ய வேண்டியது: இரு மையங்களுக்கும் பதிவேடு, கையால் செய்யும் அனுமதி, சிக்கல் கூட்டம், புறநோயாளிப் பிரிவு ஆகிய நான்கையும் கேட்டு இந்த வாரமே எழுதுங்கள். முதல் மையம் நான்குக்கும் தெளிவான பதில் தந்து, ஃபெல்லோ முழுதாகச் செய்த சாதாரண டிகம்ப்ரஷன்கள் பதிவேட்டில் ஐம்பதைத் தாண்டினால், நான் முதலில் சொன்னதை மறந்து அங்கேயே போங்கள். எங்கே போனாலும், சேருவதற்கு முன் முப்பது நோயாளிகளின் சி.டி.-யில் எல்1 முதல் எஸ்1 வரை ஒவ்வொரு பெடிக்கிளின் அகலம், நீளம், சாய்வை நீங்களே அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் வாரத்தில் அதை ஆசிரியரிடம் கொடுத்து, எந்த அளவு தவறு என்று திருத்தச் சொல்லுங்கள்.